மூன்று நாள் பண்டிகைக்கு ஒரே கலவை

மே 31, புதன்

இன்று காலை சட்டைக் கை நனையவில்லை.

பெந்தெகொஸ்தே பண்டிகை மூன்று நாளும் முடிந்து இன்றுதான் பசுமைக்குடிலுக்குப் போனேன். விடிகாலையில் தக்காளி இலையின் ஓரமெல்லாம் ஊசிமுனை அளவுக்கு நீர்மணிகள் நிற்கும். இரவில் வேர் குடித்து மிஞ்சியதைச் செடி வெளியே தள்ளுகிறது. என் வரிசையில் கொஞ்ச தூரம் போவதற்குள் முழங்கை வரை ஈரமாகிவிடும். இன்று கடைசிச் செடி வரை போய்த் திரும்பினேன். துணி காய்ந்தே இருந்தது.

அடுத்த வரிசையில் டீனா. என் மாமா மகள். அவளிடம் சொன்னேன்.

"நனையலேன்னா சந்தோஷப்படுடி. தினம் இந்த ஈரத்துல எனக்குக் கை அரிச்சே சாகுது."

பிறகு வெயில் ஏறியது. மே மாதத்தில் இப்படி ஒரு வெயிலை நான் இந்தக் குளிர்நாட்டு லெமிங்டனில் பார்த்ததில்லை. கூரைச் சன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தும் உள்ளே நாற்பது டிகிரி. வெயிலை மட்டுப்படுத்தக் கூரைக் கண்ணாடிக்குப் பூசும் வெள்ளையை இன்னும் பூசவில்லை. வெளிச்சம் வீணாகும் என்று முதலாளி தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் செடிகளின் தலைகள் கொக்கி மாதிரி உள்ளே சுருண்டுவிட்டன. காலுக்குக் கீழே சொட்டுக்குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது, செடி குடிக்கவில்லை.

ஹூபெர்ட் முதலாளி உரத்தின் உப்பை அளக்கும் மீட்டரோடு வந்தார். வடிகாலில் விட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். பிறகு எங்கள் சபையார் வீட்டில் பேசுகிற பாஷையிலேயே கத்தினார்.

"எவன் கை வெச்சது? ரெண்டு மடங்கு ஏறிக் கிடக்கு!"

உரத்தை நிறுத்தி, நாள் முழுக்க வெறும் தண்ணீர் விடச் சொன்னார்.

ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.


ஜூன் 1, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை உரத்தொட்டியில் மூட்டைகளைக் கொட்டியது நான். அப்பாவுக்கு இடுப்பு வலி, அதனால் கூட்டிப் போனார். உரம் கலப்பது அப்பாவின் வேலை. இரண்டு தொட்டி. ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் மற்றவை. அங்கிருந்து எவ்வளவு தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதற்குச் சுவரில் ஒரு திருகு. திருகில் முதலாளி சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டை விட்டு அசையக் கூடாது.

வழக்கமாகக் கொட்டுவதைக் கொட்டி முடித்தேன். "இன்னொரு தடவை அதே அளவு," என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"மூணு நாள் வர மாட்டேன்ல. கெட்டியா கலந்துட்டு, திருகைப் பாதியா கொறைச்சு வெச்சிட்டா புதன் வரைக்கும் தாங்கும். செடிக்குப் போறது அதே அளவுதான்."

கணக்கு சரிதான். அப்பா திருகைப் பாதிக்குக் குறைத்ததை நான் பார்த்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பண்டிகை நாளில் இன்னொருத்தனை நமக்காக வேலை செய்யச் சொன்னால் அது நாமே செய்த மாதிரி. "இதைப் பாத்துக்கோ" என்று சொன்னால்கூட அது வேலை ஏவுவதுதான். எங்கள் சபையில் அப்படி.

பம்பு வேலை பார்க்கும் பெரியவர் டான் செவேரோ எங்கள் சபை இல்லை, பண்டிகை நாளிலும் பம்புகளைப் பார்க்க வருவார் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் திருகுப் பக்கம் போக மாட்டார் என்று நினைத்துவிட்டார்.

இன்று செடியைக் கயிற்றோடு பிடிக்கும் கிளிப் பெட்டியை எடுக்கத் தொட்டி அறைக்குப் போனபோது முதலாளி, அப்பா, டான் செவேரோ மூன்று பேரும் அங்கே நின்றார்கள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

முதலாளி கேட்டார்: "சனிக்கிழமை திருகை எங்க வெச்சிட்டுப் போனீங்க, பெர்னார்டு?"

"வைக்க வேண்டிய இடத்துலதான் வெச்சேன்," என்றார் அப்பா.

டான் செவேரோ தனக்கு வரும் கொஞ்ச இங்கிலீஷில் சொன்னார்: "திங்கக்கிழமை நான் பாக்கறப்போ கொறைவா இருந்துச்சு முதலாளி. பாதியில இருந்துச்சு. கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கோட்டுலதான் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொறைவா இருந்துச்சாம்! கொறைவா இருந்ததுனால உப்பு ரெண்டு மடங்காச்சாம்! கேட்டீங்களா பெர்னார்டு? இவனே கோட்டுக்கு மேல ஏத்தி விட்டுட்டு, நான் வர்றதுக்குள்ள கோட்டுல வெச்சிட்டான்."

அப்பா தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார்.

அப்பா பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை. ஆனால் டான் செவேரோ சொன்ன உண்மை அந்த அறையில் பொய் மாதிரி நின்றது. அதை நிஜமாக்க அப்பாவால் முடியும். இல்லையென்றால் என்னால்.

கிளிப் பெட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன்.


ஜூன் 2, வெள்ளி

பூக்கள் கொட்டுகின்றன. கொத்தைத் தொட்டால் காம்பிலிருந்து தானே கழன்று கையில் விழுகிறது. மகரந்தம் சேர்க்க விட்டிருக்கும் வண்டுகளும் தங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன, வெளியே வரவில்லை.

"கல்யாண வீடு மாதிரி இருக்குடி, நடக்கறப்போ தலையில பூவா விழுது," என்கிறாள் டீனா. சிரிப்பு வரவில்லை.


ஜூன் 4, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் பெரியப்பா வீட்டார் வந்தார்கள். ரொட்டி, ஜாம், பாலாடைக்கட்டி, காப்பி. ஆண்கள் கூடத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வெயிலைப் பற்றியே பேசினார்கள். "வெயில்தான் பூவைக் கொட்ட வெச்சது," என்று அப்பா சொல்ல, "கர்த்தர் குடுக்கற வெயிலுக்கு யார் என்ன பண்ண முடியும்," என்றார் பெரியப்பா.

அவர்கள் போன பிறகு பாத்திரம் துடைக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டா பொய் சொல்லாத. கேக்காததை ஏன் சொல்லணும்? இந்த வீடு யாரோடதுன்னு தெரியும்ல?"

தெரியும். முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும். பிறகு வேன், நான்கு நாள் பாதை, நாங்கள் விட்டு வந்த டுராங்கோவில் பெரியம்மாவின் பின்கட்டு அறை. தண்ணீர் இல்லாத சோளக்காடு. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அப்போது குடில் இருந்தது. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.


ஜூன் 8, வியாழன்

கூரைக்கு வெள்ளை பூசிவிட்டார்கள். உள்ளே பாலுக்குள் நிற்பது போல இருக்கிறது. வெயிலும் தணிந்துவிட்டது. செடித் தலைகள் மெல்ல நிமிர்கின்றன. ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போய்விடுமோ?

டான் செவேரோவைப் பம்பு வேலையிலிருந்து எடுத்து என் பக்கத்து வரிசையில் காய் பறிக்க விட்டிருக்கிறார்கள். அவரிடம் ஸ்பானிஷில் பேச நான் மட்டும்தான். நான் டுராங்கோவில் பிறந்தவள், டீனா இங்கேயே பிறந்தவள்.

"பாப்பா, உங்க ஜனங்க பண்டிகையை மூணு நாள் கொண்டாடறீங்களே, மூணாவது நாள் என்னதான் பண்ணுவீங்க?"

"தூங்குவோம், டான் செவேரோ."

"அதுக்குத்தான் கர்த்தர் பரிசுத்த ஆவியை அனுப்பினாரா!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. திருகு பாதியில இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். இப்போ நானே சந்தேகப்படறேன். வயசாகுதா எனக்கு?"

நான் ஒரு காயை அதிகம் அழுத்திவிட்டேன். விரல் உள்ளே போய்விட்டது.


ஜூன் 13, செவ்வாய்

ஒரு காயின் அடியில் ஈரக் கறை. கொட்டைப் பாக்கு அளவு. துடைத்தேன், போகவில்லை.

அடுத்த கொத்தில் இரண்டு.


ஜூன் 15, வியாழன்

எல்லா வரிசையிலும். கறை பழுப்பாகி, பிறகு தோல் மாதிரி கறுத்துக் குழிகிறது. மேலே பார்த்தால் நல்ல காய். திருப்பினால் அடி செத்திருக்கிறது. கூடை கூடையாகப் பறித்துக் குப்பையில் போடுகிறோம்.

உரக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். முதலாளியும் அவரும் என் வரிசையின் வாயில் நின்று பேசினார்கள். இங்கிலீஷ்தான், மெதுவாகப் பேசினார், புரிந்தது.

"வெயில் மட்டும் வந்திருந்தா பூவோட போயிருக்கும்," என்றார் அவர். "கால்சியம் தண்ணியோடதான் மேல ஏறும். வெயில்ல இலையே எல்லாத்தையும் இழுத்துக்கும், காய் நுனிக்கு மிஞ்சறது சொட்டு. அந்த நேரத்துல வேர்ல உப்பையும் ஏத்திட்டீங்க. செடியால தண்ணிய இழுக்கவே முடியல. பிஞ்சா இருந்த காயெல்லாம் அன்னைக்கே கெட்டுப்போச்சு. இப்பதான் வெளிய தெரியுது."

"தொட்டி நிறைய கால்சியம் இருக்கே?"

"தொட்டியில இருந்து என்ன பிரயோஜனம்? காய்க்குப் போய்ச் சேரணுமே."

முதலாளியின் கழுத்து சிவந்தது. கூரைக்கு வெள்ளை பூசாமல் விட்டது யார் என்று அந்த ஆள் கேட்கவில்லை. அங்கேயும் கேட்காததை யாரும் சொல்லவில்லை.


ஜூன் 16, வெள்ளி

டான் செவேரோவை ஊருக்கு அனுப்புகிறார்கள். புதன்கிழமை விமானம். பருவ வேலைக்கு வந்து நவம்பர் வரை இருக்க வேண்டியவர். இப்படி நடுவில் அனுப்பினால் அடுத்த வருஷம் எந்தப் பண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

சாப்பாட்டு அறையில் முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தப்பு பண்ணதுக்கு அனுப்பல. தப்பு யாரும் பண்ணுவாங்க. பொய் சொன்னதுக்கு அனுப்பறேன்."

அப்பா சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறையாவது நிற்கும் என்று.


ஜூன் 18, ஞாயிறு

மாலையில் அப்பா வேனின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் அவரே பேசினார்.

"அம்மா சொன்னா."

"அப்பா, அவர் புதன்கிழமை போயிடுவாரு."

"அவன் திருகைத் தொட்டான்ல? தொடாம இருந்திருந்தா?"

"கோட்டுல வைக்கத்தானே தொட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா—"

"பண்டிகை நாள்ல வேலை ஏவச் சொல்றியா?" குரல் ஏறியது, உடனே தணிந்தது. "நான் கர்த்தரோட நாளை மீறக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணேன் நேட்டா. வேற எதுக்கும் இல்ல. அதுக்கு இப்படி ஆகும்னு நான் கண்டேனா?"

அது உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா கெட்டவராக இருந்திருந்தால் இது எவ்வளவு சுலபம்.

"நாளைக்கு நானே சொல்லிக்கறேன்," என்றார்.


ஜூன் 19, திங்கள்

அப்பா சொல்லவில்லை. நாள் முழுக்கத் தொட்டி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டான் செவேரோ எல்லோரிடமும் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்குகிறார், சாமான் கட்ட. டீனா இரண்டு கொடுத்தாள். என்னிடமும் கேட்டார்.

என்னிடம் இல்லை என்றேன். இருந்தது.


ஜூன் 20, செவ்வாய்

காலையிலும் அப்பா எதுவும் சொல்லவில்லை. வேனிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்க்காமல் நடந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி நடுப்பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஏறி நின்று வேலை செய்யும் வண்டியை வரிசையிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன். பாதி தூரம் அவருக்குத் தெரியவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"என்ன? லீவா?"

தலையாட்டினேன். இல்லை என்றுதான். அவருக்கு வேறு மாதிரி தெரிந்ததோ என்னவோ.

"கல்யாணமா? உங்க ஆளுங்க பதினாறுலயே ஆரம்பிச்சிடுவீங்களே."

முகம் கொதித்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை உர மூட்டையைக் கொட்டினது நான். ரெண்டு தடவை கொட்டினேன். பண்டிகைக்குத் தாங்கணும்னு கெட்டியா கலந்தது. அதுக்காகத் திருகு பாதியில இருந்துச்சு. டான் செவேரோ சொன்னது நிஜம்."

மேலே சன்னல் மோட்டார் ஓடி நின்றது.

"உங்க அப்பா என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து திருகைப் பாத்திருப்பேனே."

"பண்டிகை நாள்ல யாருக்கும் வேலை சொல்லக் கூடாது."

"முதலாளிக்குமா?" சிரிக்க வாய் எடுத்தார், சிரிக்கவில்லை. "எங்க கோயில்ல ஒரே ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிறுதான் உண்டு. அதோட விட்டுடுவோம். போ. வேலையைப் பாரு."

வரிசைக்கு வந்தேன். இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டேன்.


ஜூன் 21, புதன்

டான் செவேரோ போகவில்லை. மறுபடி பம்பு வேலை, அதோடு உரத்தொட்டியும் இனி அவருக்கே.

வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மதியம் டான் செவேரோ என் வரிசைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"திருகைப் பத்தி நான் உன்கிட்ட சொன்னேனே. எனக்கு வயசாகுதான்னு கேட்டேனே. அப்பவுமா?"

"அப்பவும்."

தலையை ஆட்டினார். போய்விட்டார்.


ஜூன் 27, செவ்வாய்

வீட்டில் நவம்பர் வரை இருக்கலாம் என்றாராம் முதலாளி, பயிர் முடியும் வரை. பிறகு டுராங்கோ என்கிறார் அப்பா. அம்மாவிடம் சொன்னார், நான் கேட்கும்படி.

டான் செவேரோ தினமும் காலை வணக்கம் சொல்கிறார். இங்கிலீஷில். முதலாளிக்குச் சொல்கிற மாதிரியே.


ஜூலை 3, திங்கள்

இன்று முதல் அப்பாவுக்கு வரிசை வேலை. என் வரிசைக்கு எதிர் வரிசை.

அப்பா குடிலில் இத்தனை வருஷம் இருந்தும் மேல் கம்பி வரை வளர்ந்துவிட்ட செடியைக் கீழே இறக்கியதே இல்லை. கம்பியில் மாட்டிய கொக்கியை எடுத்து, கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்து, தள்ளி மாட்ட வேண்டும். தண்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டே செய்ய வேண்டும். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. டீனா வாயை மூடிக்கொண்டு வேலை செய்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு முன் ஒரு சத்தம் கேட்டது. பச்சைத் தண்டு முறியும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அப்பா வண்டியின் மேல் நின்றிருந்தார். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் செடியின் தலை, பூங்கொத்தோடு. தலை போனால் செடி அதற்கு மேல் வளராது. அது அவருக்குத் தெரியும். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி பிடித்துக்கொண்டே இருந்தார்.

நான் என் வண்டியை விட்டு இறங்கி அவர் வரிசைக்குப் போனேன். அவர் வண்டியில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். முறிந்த இடத்துக்குக் கீழே இலைகளை விலக்கித் தேடினேன். மூன்றாவது இலைக் கக்கத்தில், வழக்கமாகக் கிள்ளி எறிகிற பக்கத் தளிர் ஒன்று விரல் நீளத்துக்கு இருந்தது. இனி அதுவே தலையாக வளரட்டும் என்று அதைக் கிள்ளாமல் நிமிர்த்தி, கயிற்றோடு சேர்த்து, கிளிப் போட்டேன்.